மாஸ்க்கை இறுக்கினால் வயிறு உப்பாதா?

பைபாப் என்பது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுவிட உதவும் மெஷின். “பைபாப் மாஸ்க்கை நன்றாக இறுக்கிக் கட்டினால் காற்று வயிற்றுக்குள் போகாது” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. இறுக்கினால் ஓரக் கசிவு குறையலாம், அவ்வளவுதான். அளவு மீறினால் மூக்குத்தண்டில் தோல் சிவந்து புண்ணாகிவிடும், பாவம்.

காற்றைத் தடுப்பது உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம். மெஷின் அழுத்தம் சுமார் 20 செ.மீ. நீர் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினால் அது விட்டுக்கொடுக்கத் தொடங்கும். சிலருக்கு அதற்குக் கீழேயும். சரி, என்ன செய்வது? வயிறு உப்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அழுத்தத்தை அவர் மாற்றுவார். நீங்களாக பட்டனைத் தொடாதீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். வாந்தி வந்தால் மட்டும் யாருக்கும் காத்திராமல் மாஸ்க்கைக் கழற்றி, உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து.