சுடோகு சரி, காதை மறந்துவிட்டீர்களே
தினமும் குறுக்கெழுத்து, சுடோகு போட்டால் அல்சைமர் என்ற மறதி நோய் அண்டாது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. தேவகோட்டையில் எங்கள் அப்பத்தா வட்டிக் கணக்கை மனதிலேயே போடுவார், பனையோலைக் கொட்டான் கூடை பின்னினால் ஒரு வண்ணம் தப்பாது, பல்லாங்குழியில் அவரை ஜெயித்தவர் யாரும் கிடையாது. மூளைக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்? ஆனால் 60-ஐத் தாண்டியதும் காது மந்தமானது. வயசாச்சு என்று விட்டுவிட்டோம். நாலு பேர் சேர்ந்து பேசினால் பிடிபடாததால் விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்தினார். பிள்ளைகளும் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, அத்தனை பெரிய வளவு வீட்டில் ஒற்றை ஆள். 75-இல் அல்சைமர் என்றார் டாக்டர். காதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை, ஒருவரை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் மறதி நோய்கள் பற்றிய லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைய அறிக்கை பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் செவித்திறன் குறைவும் தனிமையும் இருக்கின்றன. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலே பின்னூட்டத்தில் ஒருவர் செட்டிநாட்டு எண்ணெய்ப் பலகாரம்தான் வில்லன் என்கிறார். கெட்ட கொலஸ்ட்ராலும் அதே பட்டியலில் உண்டு, சரி. ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் விருந்தாளி வந்தால்தான். இப்போது அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 62, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். போன மாதம் காரைக்குடியில் காது பரிசோதனை செய்தோம். காது மெஷின் மாட்டினால் கிழவன் மாதிரி தெரியுமாம், இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.