"இது உங்களைப் பற்றி இல்லை"

2025 ஜூலை 20ஆம் தேதி ஜப்பானில் மேலவைத் தேர்தல். இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஜப்பானிய நண்பர், தான் வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்க்கும் சான்செய்தோ கட்சிக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இது உங்களைப் பற்றி இல்லை" என்றார். டோக்கியோவில் எப்போது நிலநடுக்கம் வந்தாலும் முதலில் போன் செய்து விசாரிப்பவர் அவர்தான். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

அவருக்கு 47 வயது. கம்பெனிகள் ஆள் எடுப்பதையே நிறுத்திய காலத்தில் கல்லூரி முடித்தவர். அவர்களை 'வேலை உறைபனிக் காலத் தலைமுறை' என்றே இங்கே சொல்வார்கள். முப்பது வருஷமாகச் சம்பளம் பெரிதாக ஏறவில்லை. அந்த மே மாதம் 5 கிலோ அரிசி 4,200 யென்னைத் தாண்டியது. முந்தைய வருஷம் அதில் பாதி விலைதான். ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியோ கணக்கில் வராத பண விவகாரத்தில் பெயர் கெட்டுக் கிடந்தது. சரி, கோபம் நியாயமானதுதான்.

அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டவர் கமியா சோஹெய். ஒசாகா பக்கத்துச் சுய்தா நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 2020ல் சான்செய்தோ கட்சியை ஆரம்பித்து, கொரோனா காலத்தில் யூடியூபில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசியே ஆள் சேர்த்தார். 2022ல் மேலவைக்கு அவர் ஒருவர் மட்டும் போனார். இந்த முறை 'ஜப்பானியரே முதலில்' என்ற முழக்கம், 14 இடங்கள்.

2024 முடிவில் வெளிநாட்டவர் இங்கே சுமார் 37.7 லட்சம் பேர், மக்கள்தொகையில் 3 சதவீதம். 2024ல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு லட்சம்கூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தெருமுனைக் கடையில் சோற்றுருண்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பவர் ஒரு நேபாளத் தம்பி. சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் தன் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அரிசி விலையை ஏற்றியது அவரா?

14 இடங்களைவிட என்னைப் பயமுறுத்துவது மற்றவர்களின் பேச்சு மாறியதுதான். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்பு, அப்போதைய பிரதமர் இஷிபாவின் அரசே வெளிநாட்டவர் விவகாரத்துக்கென்று அமைச்சரவைச் செயலகத்தில் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. நோய் இவர்கள்தான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஆகஸ்ட் வந்தது. வெளிநாடுகளுக்கு உதவி செய்யும் ஜப்பான் அரசு நிறுவனமான ஜைக்கா, கிசராசு, நகாய், சான்ஜோ, இமாபரி என்று நான்கு ஊர்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 'சொந்த ஊர்' என்று அறிவித்தது. வெறும் பண்பாட்டுப் பரிமாற்றம்தான். ஆனால் ஊரையே ஆப்பிரிக்கர்களுக்குத் தாரைவார்க்கிறார்கள் என்று வதந்தி பரவி, நகராட்சி அலுவலகங்களில் போன் ஓயவில்லை. செப்டம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அந்தச் செய்தியை நண்பரிடம் காட்டினேன். "குடியேற ஒருத்தர்கூட வரப்போவதில்லை. அப்படியென்றால் இது யாரைப் பற்றி?" என்று கேட்டேன். இரண்டு முறை படித்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளும் வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தார். அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.