சிம் ரவுட்டரும் ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லும்

எங்கள் வீட்டுக்கு இன்னும் ஃபைபர் இணைப்பு வரவில்லை. நான்கு ஆண்டுகளாக வீட்டின் இணையம் முழுவதும், சிம் கார்டு போட்டு செல்பேசி டவரிலிருந்து இணையத்தை வாங்கித் தரும் ஒரு சிம் ரவுட்டரை நம்பித்தான் நடக்கிறது. என் மனைவியின் அலுவலகக் கூட்டங்கள், மகளின் பாடங்கள், அம்மா இரவில் பார்க்கும் தொடர்கள் என எல்லாம் அந்தச் சிறிய பெட்டி வழியாகத்தான் வந்துபோகின்றன. “இதை நம்பி வாங்கலாமா, ஒரு குடும்பத்துக்கு இது தாங்குமா?” என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால், நான் அனுபவத்தில் கண்டதையும் அதையொட்டிய என் கருத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தாங்கும் என்பதே என் பதில். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எது வரம்பில்லாமல் கிடைக்கும், எது கிடைக்காது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் கேட்கவில்லை. முதல் மாதம் இருபது நாட்கள் எல்லாம் சரியாக இருந்தது. இருபத்தோராம் நாள் காலையில் மகளின் வகுப்பு பாதியில் உறைந்து நின்றது. ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். சிக்னல் முழுதாகவே இருந்தது. அதன் பிறகுதான் திட்டத்தின் நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற தலைப்பின் கீழ், குறிப்பிட்ட அளவு டேட்டா தீர்ந்த பிறகு வேகம் நொடிக்கு 128 கிலோபிட்டாகக் குறைக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்குவதற்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹெச்டி தரத்தில் ஒரு படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும். ஆகவே இணைப்பு அறுந்துபோகவில்லை, கூடுதல் கட்டணமும் இல்லை, சொன்ன சொல்லை நிறுவனம் மீறவும் இல்லை; ஆனால் ஒரு குடும்பம் செய்யக்கூடிய எந்த வேலையையும் அதில் செய்ய முடியவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் ‘அன்லிமிடெட்’ என்று விற்ற திட்டங்களில், மாதம் 2 ஜிபி அளவுக்கே பயன்படுத்தியவர்களின் வேகத்தைக்கூடக் குறைத்தது என்று குற்றம் சாட்டி, அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் அந்நிறுவனம் 6 கோடி டாலர் தருவதற்கு ஒப்புக்கொண்ட பிறகே வழக்கு முடிவுக்கு வந்தது. வேகத்தைக் குறைத்தது ஒருபுறம் இருக்க, அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுதான் அங்கே முக்கியமான குறையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எனக்கும் அதுதான் குறை.

ஏனென்றால் வரம்பு வைப்பதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. ஃபைபரில் வேகம் போதாவிட்டால் இன்னொரு இழையை இழுத்துவிடலாம். டவரும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் அலைக்கற்றையை அப்படிப் பெருக்க முடியாது. ஒரு டவர் பொதுவாகத் தன்னைச் சுற்றியுள்ள பரப்பை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டெனாவை வைத்திருக்கும். 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில், சாதாரணமான இரண்டு ஆன்டெனா அமைப்பில், கிடைக்கும் உச்ச வேகம் நொடிக்கு 150 மெகாபிட். அந்தப் பகுதிக்குள் இருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். செல்பேசியில் செய்தி அனுப்புகிறவரும், மூன்று திரைகளில் ஒரே நேரத்தில் படம் ஓடும் என் வீடும் அதே வரிசையில் நிற்கிறோம். 5ஜிக்குப் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டுள்ள 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் வரும் சக்தி அதற்குக் குறைவு.

நெரிசல் வரும்போது யாருக்கு முதலிடம் என்பதையும் நெட்வொர்க்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முன்னுரிமை வகுப்பு உண்டு, வீட்டு ரவுட்டர் திட்டங்களைச் செல்பேசித் திட்டங்களுக்குக் கீழே வைக்கும் நிறுவனங்களும் உண்டு. காலை ஆறு மணிக்கு 40 மெகாபிட் காட்டும் ரவுட்டர் இரவு எட்டரைக்கு 4 காட்டினால், பெட்டியில் பழுது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம்.

நம் கையில் இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை. அது ரவுட்டரை வைக்கும் இடம். வைஃபைக்கு வசதி என்று வீட்டின் நடுக்கூடத்தில் வைக்கிறோம், ஆனால் டவரின் சிக்னல் அங்கே வந்து சேர்வதற்குள் மூன்று சுவர்களைத் தாண்டியிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, டெசிபல் கணக்கில் சிக்னலின் வலிமை: மைனஸ் 80க்கு அருகில் இருந்தால் மிக நன்று, மைனஸ் 110க்கும் கீழே போனால் திண்டாட்டம். இரண்டாவது, இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. என் அனுபவத்தில் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் ரவுட்டரைச் செருகிக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். மகள் செல்பேசியில் எண்களைப் படித்துச் சொல்லச் சொல்ல, நான் தாளில் குறித்துக்கொண்டேன். கூடத்துப் புத்தக அலமாரியில் மைனஸ் 111, தெளிவு 2. மாடிப்படி முடியும் இடத்தில் உள்ள ஜன்னலோரம் மைனஸ் 96, தெளிவு 13. பதினைந்து டெசிபல் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ முப்பது மடங்கு கூடுதல் சக்தி. பெட்டியை அங்கேயே பொருத்தி, அங்கிருந்து கீழே ஒரு லேன் கேபிளை இறக்கி, கூடத்தில் தனியாக ஒரு வைஃபை கருவியை வைத்தேன். லேன் கேபிள் நூறு மீட்டர் வரை சிரமமில்லாமல் போகும். அதற்கு மாறாக, மொட்டைமாடியில் ஆன்டெனாவை மாட்டி மெல்லிய ஆன்டெனா கேபிளைப் பத்து மீட்டர் கீழே இழுத்தால், ஆன்டெனா கூட்டித் தருவதைக் கேபிளே தின்றுவிடும்.

இதில் ரவுட்டரால் சரிசெய்ய முடியாத ஒரு குறையும் உண்டு. செல்பேசி நெட்வொர்க்குகளில், இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி ஒன்றையே பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். உங்கள் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 என்று தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. அப்போது போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் வசதி, வேலை செய்யாது. வீட்டுக் கேமராவின் பதிவுப் பெட்டியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்க முடியாது. யாரோடும் பகிரத் தேவையில்லாத புதிய வகையான ஐபிவி6 முகவரி தருகிறார்களா என்று விசாரியுங்கள், அல்லது வெளியே ஒரு சர்வரை வைத்து விபிஎன் என்ற தனிப் பாதை வழியாக இணையுங்கள்.

செல்பேசித் திட்டத்தின் சிம் கார்டை ரவுட்டரில் போட்டு, ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாளமான ஐஎம்இஐ எண்ணை ரவுட்டரில் ஒரு செல்பேசியின் ஐஎம்இஐ எண்ணாக மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் வழி சொல்கிறார்கள். அந்த 15 இலக்கங்களில் முதல் 8 இலக்கங்கள் கருவி எந்த மாதிரியானது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதை மறைப்பதற்கான வேலை இது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல நாடுகளில் இது சட்டப்படி குற்றம். திருட்டுப்போன செல்பேசியைத் தடுத்து நிறுத்துவதற்கு இருக்கும் அடையாளமே அந்த எண்தான். நம் வீட்டு வேகத்துக்காக அதைக் கெடுக்கக் கூடாது. நிறுவனம் நம்மிடம் ஒளிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே நாமும் ஒளிப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது.

நான் கேட்பது மிகச் சிறிய விஷயம். ‘அன்லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவு இருக்கும், நெரிசலில் இந்த இணைப்பின் வரிசை எது என்ற மூன்றையும் அதே எழுத்தளவில் பக்கத்திலேயே போட வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட்டாகக் குறைத்தால்கூட ஒரு வீடு சமாளித்துக்கொள்ளும்: ஒரு வகுப்பும் ஒரு கூட்டமும் தடையில்லாமல் நடக்கும். 128 கிலோபிட்டுக்கும் இதற்கும் ஒரே பெயரைச் சூட்டி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த முறை திட்டத்தைப் புதுப்பிப்பதற்கு முன் இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டேன். முதல் இரண்டுக்கும் எண்களோடு பதில் வந்தது. அதை அச்செடுத்து ரவுட்டருக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டியிருக்கிறேன். நெரிசலில் எங்கள் வரிசை எது என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நேற்று மறுபடியும் எழுதினேன்.