அமைப்பை மாற்றும் முன் வட்டைப் பாருங்கள்

விண்டோஸ் 11 நிறுவ, கணினி தொடங்கும் முறையைப் பழைய பயாஸ் வழியான லெகசியிலிருந்து அதன் புதிய மாற்றான யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஆனால் வட்டு எம்பிஆர் எனும் பழைய பகுப்பு முறையில் இருக்கும்போது இந்தத் தொடக்க அமைப்பை மட்டும் மாற்றினால், இயங்குதளத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் கணினி கறுப்புத் திரையில் நின்றுவிடும் என்பதையும் சேர்த்திருக்கலாம். என் மேசைக் கணினி அப்படித்தான் நின்றது. லெகசிக்குத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் எழுந்தது. பிறகு கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸ் 10 இன் 1703 பதிப்பு முதல் உடன்வரும், வட்டை யுஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி பகுப்பு முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை இயக்கினேன். முதன்மைப் பகுப்புகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அக்கருவி சரிபார்ப்பிலேயே மறுத்துவிடும்; எனக்கு நான்கு இருந்தன, பழைய மீட்புப் பகுப்பு ஒன்றை நீக்கிய பின்னரே வட்டு ஜிபிடிக்கு மாறியது. 32 பிட் விண்டோஸ் 7 மட்டுமே ஓடும் கணினியை, என் கருத்தில், லெகசியிலேயே விட்டுவிடலாம்.