தாழ்தள டிராமின் கூரையையும் கொஞ்சம் பாருங்கள்

சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் யார் உதவியும் இல்லாமல் டிராமுக்குள் தானே உருட்டிக்கொண்டு போனதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பழைய டிராம்களில் தளம் தண்டவாளத்திலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும், படியேறித்தான் ஆகவேண்டும். இப்போதைய தாழ்தள டிராம்களில் 30, 35 செ.மீ.தான். வியன்னாவில் ஓடும் யூஎல்எஃப் என்ற டிராம் வகையில் 20 செ.மீ.கூட இல்லை.

இதை வண்டியின் உடலை வடிவமைத்தவர்களின் வெற்றியாக மட்டும் பேசுகிறார்கள். மின்சாரப் பக்கம் வேலை பார்த்தவர்களை யாரும் நினைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்த 90 செ.மீ. வீணாகக் கிடந்த இடம் இல்லை. டிசி (நேர்மின்சார) மோட்டாரும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டன்ஸ் பெட்டிகளும் அங்கேதான் இருந்தன. டிசி மோட்டாரில் சுழலும் பகுதியை உரசியபடி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேயும். மாற்றுவதற்குக் கை நுழைய இடம் விடவேண்டும். வண்டி முழுக்கத் தளத்தைத் தாழ்த்த நல்ல வழி பிறந்தது இன்வெர்ட்டர் வந்த பிறகுதான். மேல்கம்பியில் வரும் 600 அல்லது 750 வோல்ட் டிசியை அது மூன்று ஃபேஸ் ஏசியாக (மாறுமின்சாரமாக) மாற்றி, வேகத்துக்குத் தக்கபடி வோல்ட்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் ஏற்றி இறக்கித் தருகிறது. பிரஷ்ஷே இல்லாத, எடை குறைந்த மோட்டார் போதும் என்றானது. யூஎல்எஃபில் மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, வண்டியின் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்திலேயே ஒளித்துவிட்டார்கள். பிராகில் ஓடும் ஸ்கோடா 15டி டிராமில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், கியர்பாக்ஸே கிடையாது. இதைப் படிக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

மோட்டார் ஒளிந்துகொண்டது, சரி. மற்றதெல்லாம்? இன்வெர்ட்டர், மின்னோட்டத்தைச் சீராக்கும் ஃபில்டர் சோக், பிரேக் ரெசிஸ்டர், குளிர்சாதன யூனிட் எல்லாம் கூரைக்குப் போய்விட்டன. வெயில், மழை, தூசி, அதிர்வு அத்தனையும் இப்போது அவற்றின் தலையில்.

நான் பார்த்த ஒரு வண்டி மதிய வேளைகளில் திடீர் திடீரென்று இழுவை குறைந்து திணறும். பதிவைப் பார்த்தால் இன்வெர்ட்டர் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே பவரைக் குறைத்திருக்கிறது. மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபை இறக்கி, லைனை அணைத்து எர்த் செய்து, கெபாசிட்டரில் தேங்கிய சார்ஜ் வடியும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு மூடியைத் திறந்தோம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. விரலால் பிய்த்தெடுத்தால் துண்டாக வந்தது. மின்சாதனத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த டிப்போவில் கூரை உயரத்துக்கு நடைமேடை கிடையாது. ஏணி வைத்து ஏறி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு செய்கிற வேலையை யார்தான் அடிக்கடி செய்வார்கள்? தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதில்தான் எனக்குக் கோபம். வண்டி வாங்கும்போது இருக்கையின் நிறம் வரை பேசுகிறார்கள். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பும் என்று விளம்பரமும் செய்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதே பகுதியில் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு வண்டியோ, சப்ஸ்டேஷனில் வேறு ஏற்பாடோ இல்லையென்றால் அது கூரையிலிருக்கும் ரெசிஸ்டரில் வெறும் சூடாகத்தான் போகும். அந்த ஏற்பாடு பற்றி டெண்டரில் கேளுங்கள். பராமரிப்பவர் நின்று வேலை செய்யக் கூரை மட்டத்தில் கைப்பிடியோடு நடைமேடையும், இன்வெர்ட்டரைத் தூக்கி இறக்க மேலே கிரேனும் இல்லாத டிப்போவுக்குத் தாழ்தள வண்டி வாங்கவே கூடாது. முதலில் டிப்போவைக் கட்டுங்கள்.