வெயிட்டரும் கிளெய்ம் ஆபீசரும்
கெட்ட எண்ணம் (bad faith) பத்தின உங்க கட்டுரை நல்லா இருக்கு, ஆனா பிரெஞ்சு தத்துவவாதி சார்த்தர் 1943ல அந்தப் பேர்ல சொன்னதையும் கோர்ட்டுல சொல்ற கெட்ட எண்ணத்தையும் ஒரே விஷயம்னு எழுதினது எனக்கு ஒத்துக்க முடியல. சட்டத்துல அடுத்தவனை ஏமாத்துறதுதான் பேச்சே. சார்த்தர் சொல்றது தன்னைத்தானே ஏமாத்திக்கிறது, அவர் உதாரணமா காட்டுறது, நான் வெறும் வெயிட்டர், இதுக்கு மேல எனக்கு சாய்ஸ் இல்லைன்னு நம்பிக்கிற ஒரு ஆளை.

எங்க அப்பா இறந்தப்போ ரெண்டையும் ஒரே மேஜைல பார்த்தேன். பாலிசி போட்டு ஆறு வருஷம், சுகர் இருந்ததை மறைச்சுட்டார்னு கிளெய்மை தள்ளிட்டாங்க. ஆனா இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவு, 2015 திருத்தத்துக்கு அப்புறம், மூணு வருஷம் தாண்டின ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்கக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது, அது தெரிஞ்சே லெட்டர் அனுப்பினா அது சட்டம் சொல்ற கெட்ட எண்ணம். அந்த லெட்டரை நீட்டின ஆபீசர் என் அம்மா முகத்தைப் பார்க்காம, பேனா மூடியைத் திருகிக்கிட்டே, "நான் என்னம்மா பண்றது, ரூல் அப்படி"ன்னார். சார்த்தரோட வெயிட்டர் இவர்தான்.

இன்னொண்ணு, நல்லெண்ணம் (good faith) எதுன்னு சொல்ல நம்ம சட்டத்துலயே அளவுகோல் ரெண்டு இருக்கு. 1897 பொது உட்பிரிவுகள் சட்டப்படி (General Clauses Act) அஜாக்கிரதையா செஞ்சாலும் நேர்மையா செஞ்சிருந்தா அது நல்லெண்ணம்தான். பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 52வது பிரிவோ தகுந்த கவனம் இல்லாம செஞ்சா நல்லெண்ணமே இல்லைன்னுச்சு. இதைப் பத்தியும் எழுதுங்க சார், என்னை மாதிரி அலையுறவங்களுக்கு அதுதான் தேவைப்படுது.