ஜிஐ பைப்பில் எம்20 மோட்டர் சைக்கிள் பிரேமா?

தம்பி, "ஹாட்வெயார் கடையில் ஒரு இஞ்சி ஜிஐ பைப் வாங்கி வளைத்து ஆர்க் வெல்டிங் அடித்தால் போதும், பிஎஸ்ஏ எம்20 பிரேம் அசல் மாதிரியே வரும், பலமும் அதேதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பிரேம் கட்டலாம் என்பது சரி. பைப் கதை பிழை. அதை நம்பி ஒருவரும் றோட்டில் இறங்கக்கூடாது.

முதலில் அளவு. ஒரு இஞ்சி ஜிஐ பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின்) வெளிவிட்டம் 25.4 மில்லிமீட்டர் அல்ல, கிட்டத்தட்ட 33.7. அந்த "ஒரு இஞ்சி" வெறும் பெயரளவு. வேர்னியரை வைத்துப் பாருங்கள், தெரியும். அது எங்கள் கிணற்று மோட்டருக்குத் தண்ணீர் கொண்டுபோகச் செய்த சாமான். குலுக்கலும் முறுக்கலும் நாள்முழுக்கத் தாங்கும் வேலைக்குத் தையல் இல்லாத ஸ்டீல் ட்யூப்தான் வேண்டும்.

அப்புறம், எம்20 பிரேம் ஆர்க் வெல்டிங்கே இல்லை. லக் எனும் வார்ப்பு இணைப்புத் துண்டுக்குள் ட்யூப்பைச் செருகி, பித்தளை உருக்கி ஒட்டியது. பெயின்டைச் சுரண்டினால் லக் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு தெரியும். பித்தளைதான் உருகும், ட்யூப் உருகாது.

ஜிஐ மேல் வெல்டிங் அடித்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். ஒட்டிலும் ஓட்டை விழும்.

முதலில் ஜிக் ஒன்று, அதாவது ட்யூப்களை அசையாமல் பிடிக்கும் சட்டம் ஒன்று, செய்யுங்கள். சூட்டில் ஹெட் ட்யூப் (முன் ஃபோர்க் பொருந்தும் குழாய்) இழுபட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும்.